ஐடியா வரவில்லை என்கிறீர்கள், வந்ததை என்ன செய்தீர்கள்?

கேள்வி:

சிங்கப்பூரில், ஊபியில் இருக்கும் ஓர் ஏர்கான் சர்வீஸ் நிறுவனத்தில் செயல்பாட்டு மேலாளராக வேலை பார்க்கிறேன். டெக்னீஷியன்கள் 40 பேர். பாதிக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்கள். போன வருடம் எல்லா வேலையையும் ஒரு செயலிக்குக் கொண்டுவந்தோம். யார் எந்த வீட்டில் இருக்கிறார், எத்தனை நிமிடம் ஆனது, ஒவ்வொரு படியிலும் எடுத்த படம் எல்லாம் அதில் பதிவாகும். அலுவலகத்தில் பெரிய திரையில் அன்றைய மதிப்பெண் வரிசை பெயரோடு ஓடும். அதே செயலியில் ‘ஐடியா’ என்று ஒரு பக்கமும் வைத்தோம். தேர்வாகும் யோசனைக்கு 20 வெள்ளி பற்றுச்சீட்டு. முதல் மாதம் நிறைய வந்தது. இப்போது மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம், அதுவும் ‘மைக்ரோவேவ் வாங்கித் தாருங்கள்’ ரகம். மாதக் கூட்டத்தை இரவில் ஸூமில் வைக்கிறேன். யாரும் வாய் திறப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு வீட்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் செயலி சொல்லும் வரிசையை விட்டுவிட்டு, நாலு யூனிட்டின் ஃபில்டர்களையும் முதலிலேயே கழற்றிக் குளியலறையில் ஒன்றாகக் கழுவி வைத்திருந்தார். அப்புறம் செயலியில் ஒவ்வொன்றாக டிக் போட்டார். பதிவு பொய்யாகிறதே என்று கண்டித்தேன். முதலாளியோ மின்னிலக்கத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து ‘புத்தாக்கம் எங்கே?’ என்று கேட்டபடி இருக்கிறார். பரிசை 50 வெள்ளி ஆக்கலாமா? இல்லை, இந்த வேலைக்கு வருபவர்களிடம் புதுச் சிந்தனையை எதிர்பார்ப்பதே தவறா?

வாசகி, பொத்தோங் பாசிர்

பதில்:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாலு ஃபில்டரை ஒன்றாகக் கழுவினாரே, அந்த மூத்த டெக்னீஷியன், அவர் செய்தது புத்தாக்கம். முதலாளி ‘எங்கே?’ என்று கேட்டது அன்றைக்கு உங்கள் கண்ணெதிரே, குளியலறையில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், ஆனால் விதிமீறல் என்ற பெயரில் பார்த்தீர்கள்.

அவர் செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு அறையாகப் போனால் குளியலறைக்கு நாலு நடை. நாலு தடவையும் வாடிக்கையாளரின் கூடத்தில் ஈர ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒன்றாகக் கழுவினால் ஒரு நடை. காயிலையும் டிரெயின் பைப்பையும் பார்த்து முடிப்பதற்குள் ஃபில்டர் காய்ந்துவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஏறி இறங்கிக் கண்டுபிடித்திருப்பார்.

சரி, இவ்வளவு நல்ல யோசனையை அவர் ஏன் உங்கள் ‘ஐடியா’ பக்கத்தில் போடவில்லை? 20 வெள்ளியும் கிடைத்திருக்குமே. அவர் இடத்தில் நின்று பாருங்கள். அந்த யோசனையை எழுதினால், ‘இத்தனை மாதமாக நான் உங்கள் படி வரிசையைப் பின்பற்றவில்லை, நேரத்தையும் அப்புறமாகத்தான் டிக் போட்டேன்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அதுவும் அவருக்கு மதிப்பெண் போடும் அதே செயலியில். அவர் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் என்றால் இன்னும் கஷ்டம். பெர்மிட்டை ரத்து செய்யும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் ஊரில் கடனாக நிற்கும். இருபது வெள்ளிக்காக யார் அதை வைத்து விளையாடுவார்கள்? ஐம்பது வெள்ளிக்கும் மாட்டார்கள். அதனால் பரிசைக் கூட்டுவது என் முதல் ஆலோசனை இல்லை, கடைசி ஆலோசனையும் இல்லை.

உங்கள் நிலைமையை அப்படியே படம்பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டீன் 2012இல் வெளியிட்டது. தென் சீனாவில் ஒரு மிகப்பெரிய கைப்பேசித் தொழிற்சாலை. யார் என்ன செய்கிறார் என்று மேற்பார்வையாளர்கள் எங்கிருந்தும் பார்க்கலாம். சீனாவில் பிறந்த சில மாணவர்கள் தொழிலாளிகளாக உள்ளே போய் வேலை செய்தார்கள். மேலாளர்கள் வரும்போது விதிப்படி வேலை நடக்கிறது, அவர்கள் போனதும் அதைவிட வேகமான, தொழிலாளிகளே கண்டுபிடித்த முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை அந்த மாணவர்கள் பார்த்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, நல்ல முறையை எப்படி ஒளித்துச் செய்வது என்பதைத்தான். உற்பத்தி வரிசையைச் சுற்றித் திரைச்சீலை தொங்கவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு தொழிலாளி சொன்னது காதில் விழ, ஆய்வாளர்கள் நிஜமாகவே சில வரிசைகளைச் சுற்றித் திரை கட்டினார்கள். அந்த வரிசைகளின் உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் கூடியது.

அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மேலே இருப்பவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, விளக்கினாலும் திட்டு விழலாம் என்ற கணக்கு, அவ்வளவுதான். உங்கள் டெக்னீஷியனும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார். நீங்கள் கண்டித்ததும் கணக்கு சரிதான் என்று உறுதியாகிவிட்டது. அந்தச் செய்தி இந்நேரம் மற்ற 39 பேருக்கும் போயிருக்கும். இது எந்தச் செயலியிலும் பதிவாகாது.

மின்னிலக்கத் தலைமைத்துவம் என்றால் மென்பொருள் வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குவது சுலபம், உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் மாதிரி அரசு உதவியும் இருக்கிறது. கஷ்டமான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தக் கருவி யாரைப் பார்க்கிறது, பார்த்ததை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள், எந்த இடத்தில் அது கண்ணை மூடிக்கொள்ளும் என்று தீர்மானிப்பது. நீங்கள் அளப்பதையும் யோசனை கேட்பதையும் ஒரே செயலியில் வைத்துவிட்டீர்கள். அளக்கும் பக்கம் தினமும் பேசுகிறது, கேட்கும் பக்கம் எப்போதாவது பேசுகிறது. ஊழியர்கள் தினமும் பேசுகிறதைத்தானே நம்புவார்கள்?

அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெயரோடு ஓடுகிறதே அந்தப் பெரிய திரை, அதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். தெரேசா அமபிலே என்ற உளவியலாளர் 1979இல் செய்த ஒரு சோதனை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. கல்லூரி மாணவிகளிடம் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். உங்கள் படைப்பை வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களின் படங்களில், பொதுவாக, புதுமை குறைந்திருந்தது. மதிப்பெண் விழும் என்று தெரிந்தால் மனிதர் தெரிந்த வழியில் போவார். ஏர்கான் கழுவுவதிலும் அப்படித்தான். திரையில் ஏதாவது ஓடியே ஆக வேண்டும் என்று முதலாளி சொன்னால், 30 நாளுக்குள் அதே வீட்டிலிருந்து ‘மறுபடியும் தண்ணீர் சொட்டுகிறது’ என்று எத்தனை அழைப்பு வந்தது என்பதைப் போடுங்கள். ஆள் பெயர் இல்லாமல், நிறுவனம் முழுவதற்குமாக. உங்கள் தொழிலில் வேலை நன்றாக நடந்ததா என்பதைச் சொல்வது அந்த எண்தான். ஒரு வீட்டில் எத்தனை நிமிடம் என்பது பாதிக் கதையைக்கூடச் சொல்லாது.

அடுத்து அந்த மூத்தவரிடம் போங்கள். அலுவலகத்துக்குக் கூப்பிடாதீர்கள், அவர் வேனில் ஏறும் இடத்துக்குப் போய்ப் பேசுங்கள். நிறையப் பேச வேண்டாம். ‘அண்ணே, நாலு அறை ஃபில்டரும் மாறிப்போகாமல் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். இது சும்மா பேச்சுக்குக் கேட்கும் கேள்வி இல்லை. வேறு வேறு மாடல் இருக்கும் வீட்டில் ஃபில்டர் மாறினால் சரியாக உட்காராது. அதற்கு அவர் ஏதோ ஒரு வழி வைத்திருப்பார், அதுவும் இன்னொரு யோசனை. இவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்று புரிந்தால் மீதியை அவரே சொல்வார். அன்றைக்குத் திட்டியது என் தவறு என்று மற்றவர்கள் காதில் விழும்படி ஒரு வரி சொல்லிவிடுங்கள். மேலாளர் இறங்கி வந்துவிட்டார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் அவருடைய முறையை இரண்டு குழுக்களுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு வாரமும் அவர்களுக்கு மதிப்பெண் கிடையாது, படி வரிசை கிடையாது, முடித்த பின் ஒரே ஒரு படம் போதும். சீனத் தொழிற்சாலையில் கட்டிய திரைக்கு உங்கள் வசதிக்கேற்ற வடிவம் இது. ஆனால் வேலி எது என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மின் இணைப்பைத் துண்டிப்பது, ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்வது, கேஸ் சம்பந்தப்பட்ட வேலை, வெளிச்சுவரில் இருக்கும் கண்டன்சரைத் தொடும்போது பாதுகாப்புக் கயிறு, இவற்றில் யாரும் சோதனை செய்யக் கூடாது. மற்ற எல்லாம் திறந்தது. எது மாறாது என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம் என்று தைரியம் வரும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். வீடு சுத்தம் செய்யும் அந்தப் பரபரப்பில் யாருக்கும் யோசிக்க மூச்சு இருக்காது.

இனி உங்கள் ‘ஐடியா’ பக்கம். முதல் மாதம் நிறைய வந்தது என்கிறீர்கள். அவற்றில் எத்தனைக்குப் பதில் போனது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போட்டதோடு சரி, திரும்ப ஒன்றும் கேட்காதே என்பது கோயில் உண்டியலுக்குப் பொருந்தும், வேலையிடத்துக்குப் பொருந்தாது. சிங்கப்பூருக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. பொதுத்துறையில் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் 1981இல் வந்தன. அடுத்த வருடம் ‘டீமி’ தேனீ உற்பத்தித்திறன் இயக்கத்தின் சின்னமாகப் பறக்கத் தொடங்கியது (நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பாட்டும் நினைவிருக்கும்). ஜப்பானில் டொயோட்டா அதற்கு வெகுகாலம் முன்பே, 1951இல், ஃபோர்டு நிறுவனத்தில் பார்த்ததை வைத்து ஊழியர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே செயலி கிடையாது, காகிதம்தான். இந்த மாதிரித் திட்டங்கள் ஓடுவதும் நிற்பதும் எழுதியவருக்கு யார், எவ்வளவு சீக்கிரம், என்ன பதில் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு வாரத்துக்குள் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘செய்கிறோம்’, ‘சோதித்துப் பார்க்கிறோம்’, ‘இப்போது முடியாது, காரணம் இது’. மூன்றில் ஒன்று. முடியாது என்பதற்குக் காரணம் சொல்லும்போது கவனமாக இருங்கள், அதைத்தான் அவர்கள் நண்பர்களுக்குத் திருப்பிச் சொல்வார்கள். மைக்ரோவேவுக்கும் பதில் போடுங்கள். முடிந்தால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை மதியம் ஆறிப்போய்ச் சாப்பிடுகிறவர் கேட்ட யோசனை அது. அதை நீங்கள் ‘ரகம்’ என்று ஒதுக்கினால் அடுத்ததை அவர் சொல்லமாட்டார்.

அந்தப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில் தலைப்பு, விவரம், எதிர்பார்க்கும் பலன் என்று கட்டம் கட்டமாக இருந்தால் பாதிப்பேர் முதல் கட்டத்திலேயே போனைப் பையில் போட்டுவிடுவார்கள். குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். தமிழில், வங்காளத்தில், மலாயில், கலந்து, எப்படி வேண்டுமானாலும். அதுவும் மதிப்பெண் போடும் செயலிக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் தனியாக உங்களுக்கே வரட்டும். மொழிபெயர்க்க இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்கின்றன. வங்காளத்தில் வந்ததை ஒரு வங்காளியிடம் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

ஸூம் கூட்டத்தை நிறுத்திவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு விடுதிப் படுக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் பத்துப் பேர் கேட்க, மேலாளரிடம் யார் பேசுவார்கள்? அது ஒருபுறம். மெலனி பிரக்ஸும் ஜோனதன் லெவாவும் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேர் நேரில் உட்கார்ந்து யோசித்தபோது காணொளியில் யோசித்ததைவிட அதிக யோசனைகள் வந்தன. ஆய்வகத்தில் மட்டும் இல்லை, ஐந்து நாடுகளில் ஒரு நிறுவனத்தின் பொறியாளர்களிடமும் அதே முடிவு. காணொளியில் கண் திரையிலேயே நிற்கிறது, அறையைச் சுற்றி அலைவதில்லை. யோசனைக்கு அந்த அலைச்சல் வேண்டியிருக்கிறது. ஆனால் வந்த யோசனைகளில் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பதில் காணொளி பின்தங்கவில்லை. ஆகவே யோசனை கேட்பது காலையில் வேன் கிளம்புமுன் பத்து நிமிடம், நின்றபடியே, தே தாரேக் (ஆற்றிய தேநீர்) கையோடு. எது சோதனைக்குப் போகிறது என்று முடிவெடுப்பது வேண்டுமானால் திரையில் நடக்கட்டும். கூட்டத்தில் ‘யாருக்காவது யோசனை இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆளுக்கொன்று முதல் நாளே குரலில் அனுப்பட்டும், மறுநாள் அதைப் பற்றிப் பேசுங்கள். தனித்தனியாக யோசித்துவிட்டுச் சேர்த்தால், கூட்டமாக உட்கார்ந்து யோசிப்பதைவிட அதிகம் வரும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1958லேயே காட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் செய்தால் முதலில் வருவது புகார்களாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முதலாளி பதறுவார், தயாராக இருங்கள். ஏமி எட்மன்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று அர்த்தம் இல்லை, நடந்ததை வெளியே சொன்னார்கள். உங்களிடம் ‘டிரெயின் பைப்பை ஊதும் பம்ப் மூன்று மாதமாகக் கெட்டிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அதை மைக்ரோவேவ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது? பயிற்சியில் அவர் டிபிஎஸ் வங்கியின் கதையைக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். பியூஷ் குப்தா 2009இலிருந்து 2025 வரை தலைமை நிர்வாகியாக இருந்த காலத்தில் அந்த வங்கி மின்னிலக்கத்துக்கு மாறியது உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்பமே இல்லாத ஒரு பகுதி. கூட்டங்களை ‘மோஜோ’ என்ற முறையில் நடத்தினார்கள். கூட்டத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர் ஒருவர், ‘மகிழ்ச்சியான பார்வையாளர்’ என்று இன்னொருவர். எல்லாருக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தாரா, எப்படி நடத்தினார் என்று கூட்டம் முடிந்ததும் அந்தப் பார்வையாளர் எல்லார் முன்னாலும் சொல்வார். நடத்தியவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. செயலிகளுக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் வங்கியே, மேலே இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதற்குத் தனியாக ஒரு ஆளைப் போட்டது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். உங்கள் காலைக் கூட்டத்தில் அந்தப் பார்வையாளராக ஒரு டெக்னீஷியனைப் போடலாம், வாரம் ஒருவராக. முதல் வாரத்தில் எல்லாரும் ‘நல்லா நடத்துனீங்க அக்கா’ என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசைப் பற்றி ஒரே வார்த்தை. 20 வெள்ளியை எடுத்துவிட வேண்டாம், எடுத்தால் தண்டனையாகத் தெரியும். ஒரு யோசனையால் நேரம் மிச்சமானால், அந்த நேரத்தில் இன்னொரு வீட்டைத் திணிக்காதீர்கள். ஃபில்டர் வேலையில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு அவர்களுக்கே, சீக்கிரம் வீடு திரும்பவோ மதியம் உட்கார்ந்து சாப்பிடவோ. நாளைக்கு இன்னொரு வேலை கூடும் என்றால் யாரும் வேகமான வழியைச் சொல்லமாட்டார்கள். சீனத் தொழிற்சாலையில் ஒளித்ததற்கும் உங்கள் ஆட்கள் ஒளிப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாக, அந்தப் படி வரிசையை யார் எழுதினார்கள் என்று விசாரியுங்கள். நான் பார்த்த பல சிறு நிறுவனங்களில் அது மென்பொருள் விற்றவரோடு வந்த மாதிரிப் படிவம். ஏர்கானை வாழ்க்கையில் கழற்றிப் பார்க்காத ஒருவர் எழுதியது. அதை உங்கள் ஆட்கள் வேதவாக்காகப் பின்பற்ற வேண்டியதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமுன் விற்பனையாளரிடம் கேளுங்கள்: படிகளின் வரிசையை நாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா, மாற்றினால் தனிக் கட்டணமா, சில குழுக்களுக்கு மட்டும் மதிப்பெண்ணை நிறுத்திவைக்க முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வேறு செயலி பாருங்கள், பார்க்கும்போது அந்த மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.